துடைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

துடைப்பது என் தொழில். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன் நான். முப்பது வருஷமாக வெட்டுகிறேன், தேய்க்கிறேன், கடைசியில் துடைத்துக் கொடுக்கிறேன். என் கையைவிட்டுப் போகிற லென்ஸில் ஒரு விரல் ரேகை இருந்ததாக இன்றுவரை யாரும் வந்து சண்டை பிடித்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் மனைவி ஒருநாள் காலையில் அவசர அவசரமாகப் படியிறங்கிக்கொண்டே, "அந்தப் பழைய கம்ப்யூட்டரை நல்லா துடைச்சு வையுங்க, பன்னெண்டு மணிக்கு பேக்கரி மாஸ்டர் எடுத்துட்டுப் போக வருவார்" என்று சொன்னால், என்னைப் போன்ற ஒருவன் என்ன செய்வான் என்று நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்று எனக்கு வார விடுமுறை. லென்ஸ் துடைக்கும் நீரையும் மெல்லிய துணியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மானிட்டரை மேலிருந்து கீழாக ஒரே சீராகத் துடைத்தேன். கீபோர்டின் இடுக்குகளில் பதினோரு வருஷத்து நூல் துணுக்குகள் அடைந்து கிடந்தன. காது குடையும் பஞ்சுக் குச்சியை வைத்து ஒவ்வொரு பொத்தானாகச் சுற்றி எடுத்தேன். பதினேழு குச்சி செலவு. பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து ஊதினேன். ஊதியதெல்லாம் திரும்பி என் முகத்திலேயே விழுந்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு பென்டிரைவ், அதைச் சுற்றி ஒரு சீட்டு, அதன்மேல் ஒரு ரப்பர் பேண்ட். அதையும் ஒரு தடவை துடைத்து மேஜை டிராயரில் பத்திரமாக வைத்தேன். கொடுக்கிற பொருளோடு நம் பொருளும் போய்விடக் கூடாது என்கிற பொறுப்பு இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் உண்டு.

மாஸ்டர் சொன்னபடி பன்னிரண்டுக்கு வேனோடு வந்தார். எங்கள் தெருமுனையில் பேக்கரி வைத்திருப்பவர். பெரிய கை, குறைந்த பேச்சு. பேச வேண்டியதையெல்லாம் கடையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி பேசிவிடுவாள். ரொட்டிக்கும் கேக்குக்கும் உண்டான அளவெல்லாம் தன் மண்டைக்குள்ளேயே இருக்கிறது, நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்து படுத்தால் கடை நின்றுபோகும், அதையெல்லாம் இதில் ஏற்றி வைக்கச் சொல்லி அவள் நச்சரிக்கிறாள் என்றார். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் புதிது மாதிரி இருக்கிறதே என்று வாய்விட்டுச் சொன்னார். நான் உச்சி குளிர்ந்துபோனேன். வேன் வரைக்கும் கீபோர்டை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

என் மனைவி நூலும் பித்தானும் வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்கு வந்தாள். தெருவில் அவளுக்கு டெய்லரக்கா என்று பெயர். எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. பையைக் கீழே வைக்கும்போதே, துடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டாள். முக்கால் மணி என்றேன். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றாரே என்று புருவத்தைச் சுருக்கினாள். எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு ஆகும், முப்பது வருஷ அனுபவம் உள்ளவனுக்கு ஆகாது, பஞ்சுக் குச்சியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பது அவருக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்தேன்.

"பஞ்சுக் குச்சியா?" என்றாள்.

பிறகு தையல் மெஷினின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இப்படி உட்கார்ந்தால் நான் என்ன செய்வது?

விஷயம் இதுதான். மூன்று நாளைக்கு முன் ரிப்பேர்காரர் அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். கம்ப்யூட்டரில் ஒன்றை அழித்தால் அது அழியாதாம். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றின மாதிரிதான். ஆள் உள்ளேயே காலை நீட்டிப் படுத்திருப்பானாம். தெரிந்தவர்கள் போய்க் கதவைத் தட்டினால் எழுந்து வந்துவிடுவானாம். இருந்த இடம் முழுக்கப் பூஜ்யத்தை எழுதி நிரப்பினால்தான் உண்மையாகவே காலியாகுமாம். அதற்கு அவர்கள் தொழிலில் துடைப்பது என்று பெயர். அந்த வேலையைச் செய்வதற்குத்தான் பென்டிரைவ். எப்படிச் செய்வது என்பதற்குத்தான் சீட்டு. மூன்று நாளைக்கு முன் கற்ற சொல்லைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவள்போல் என்னிடம் வீசிவிட்டுப் போயிருக்கிறாள். எல்லாம் மொத்தமாகத் துடைபடப் போகிறதே, தனித்தனியாக எதற்கு அழிக்க வேண்டும் என்று ஃபோல்டர்களை அப்படியப்படியே விட்டும் வைத்திருக்கிறாள். துணியால் துடைப்பதற்கு அந்த ரிப்பேர்காரர் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது அளவுகள். தெருவில் பாதிப் பெண்களின் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாம். முதலில் நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தாள். காத்திருக்கிறவர்கள் சும்மா புரட்டிப் பார்த்து, அடுத்தவள் இடுப்பு எத்தனை என்று தெரிந்துகொண்டு போக ஆரம்பித்ததும் கம்ப்யூட்டருக்கு மாறினாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அதில் துணியைப் பற்றி மட்டும் எழுதுவாள் என்று நான் நினைத்திருந்தேன். அளவெடுக்கக் கையைத் தூக்கி நிற்கிறவர்கள் வாயையும் திறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? யாரிடம் எதைக் கேட்கக் கூடாது, யாருக்கு எது தெரியாது என்று மறந்துபோய் உளறிவிடக் கூடாதே என்று அதையெல்லாம் அந்தக் கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

"அதுல பேக்கரித் தங்கச்சி பக்கமும் இருக்கு" என்றாள்.

இருந்தால் என்ன, மாஸ்டர் தன் மனைவியின் இடுப்பளவைப் பார்த்தால் குடியா முழுகிவிடும் என்றேன். என் வாயில் எதுவும் நிற்காது என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் இரண்டு மாதமாக என்னிடம் மூச்சு விடவில்லை. இப்போது வேறு வழியில்லாமல் சொன்னாள்.

பேக்கரித் தங்கச்சி கர்ப்பமாக இருக்கிறாள். பதினாறாவது வாரம். மாஸ்டருக்குத் தெரியாது.

இதற்கு முன் மூன்று தடவை கரு நின்று, மூன்று தடவையும் கலைந்துபோயிருக்கிறது. கடைசித் தடவை சேதி தெரிந்த அன்று மாஸ்டர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு பன்னை எடுத்துக் கையில் திணித்தார். அவ்வளவாகப் பேசாத மனிதர், அன்று பேசிக்கொண்டே இருந்தார். எனக்கும் இரண்டு பன் கிடைத்தது. நான்காம் மாதம் எல்லாம் முடிந்துபோனது. அதற்கப்புறம் பன் தின்ற ஒவ்வொருவரும் வந்து எப்படி இருக்கிறாள் என்று கேட்க, அவர் ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்லிக்கொண்டு நின்றதை அவள் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதனால் இந்தத் தடவை ஐந்து மாதம் முடிகிற வரைக்கும் அவரிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். உடுப்பு தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போய்வருகிறாள். என் மனைவி பக்கத் தையலில் துணி விட்டுத் தைத்து, வாரத்துக்குக் கொஞ்சம் பிரித்துவிட்டுக்கொண்டே வருகிறாள். மேலே மாவுக்காகக் கட்டுகிற ஏப்ரன் வேறு. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து எட்டு மணிக்குத் தூங்கிவிடுகிற மாஸ்டருக்கு எதுவும் தெரியவில்லை.

"போனா என் குழந்தை மட்டும், இருந்தா ரெண்டு பேர் குழந்தைன்னு சொன்னா என்கிட்ட" என்றாள் என் மனைவி. கண் கலங்கியிருந்தது. "நான் போனா என் மூஞ்சியிலேயே அவளுக்குத் தெரிஞ்சிடும். நீங்க போங்க. ஒயர் மாறிப்போச்சுன்னு சொல்லித் தூக்கிட்டு வாங்க. வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது."

டிராயரிலிருந்து பென்டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பேக்கரி அடைப்பு. அந்த நேரத்தில் அவள் மேலே வீட்டில் படுத்திருப்பாள். முன்பெல்லாம் படுக்க மாட்டாள், இப்போதுதான் கால் வலி என்று படுக்கிறாள். அந்தக் கால் வலிக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பின்பக்க அறைக்குள் நுழைந்தேன். அடுப்பின் சூடு இன்னும் அடங்கவில்லை. மாஸ்டர் ஒரு மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரில் மேஜையில் கம்ப்யூட்டர், எல்லா ஒயரும் சரியாகச் சொருகி, விளக்கு எரிந்துகொண்டு. நான் பதினேழு குச்சி செலவழித்த கீபோர்டில் வெள்ளை வெளேரென்று மாவு விரல்கள் பதிந்திருந்தன. எனக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது, கோபமும் வந்தது. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஒயர் மாறிவிட்டது என்றேன். அவர் உட்காருங்கள் அண்ணா என்றார்.

திறந்தவுடனே அளவுகள் என்று ஒரு ஃபோல்டர் இருந்ததாம். டெய்லரக்கா தனக்காகவே மாவு அளவு எழுத வசதியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். உள்ளே போனால் பேங்க் அக்கா, மூணாம் மாடி, பேக்கரி என்று வரிசையாக இருந்திருக்கிறது. பேக்கரியைத் திறக்காமல் ஒரு பேக்கரிக்காரர் வேறு எதைத் திறப்பார்? தோள் பதினாலரை என்றதும் என்ன ரொட்டி இது என்று குழம்பியிருக்கிறார். குழப்பத்தோடு கடைசிக் கட்டம் வரைக்கும் படித்துவிட்டார்.

நான் இன்னொரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

"போன தடவை நான் பன் கொடுத்ததை நினைச்சு அவ அழுதான்னு எழுதியிருக்கு" என்றார். "நான் அதுக்காக அவகிட்ட ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லையே அண்ணா. அவதான் சுமந்துகிட்டு இருந்திருக்கா."

மேலே தரையில் காலடிச் சத்தம் கேட்டது, நின்றது. இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இதைத் துடைக்க முடியுமா என்று கேட்டார். துடைக்கத்தான் வந்தேன் என்று பென்டிரைவை எடுத்துக் காட்டினேன்.

"அவ இன்னும் என்கிட்ட சொல்லலை. அவ சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் நான் பார்த்தது தெரியாது. அக்காவுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா இஞ்ச் டேப்பைப் பிடிச்சுகிட்டு அவங்க எப்படி இவ முகத்தைப் பார்ப்பாங்க?"

சரி என்றேன். சொன்ன பிறகுதான், நான் எதற்குச் சரி சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது.

சீட்டைப் பிரித்தோம். பென்டிரைவைச் சொருகி, நிறுத்தி, மறுபடி ஓட விட்டோம். உள்ளே இருப்பதெல்லாம் ஒரேயடியாகப் போய்விடும், தொடரலாமா என்று திரையில் கேட்டது. ஆமென்றால் ஒய் எழுத்தை அழுத்தச் சொல்லிச் சீட்டில் இருந்தது. நான் விரலை வைத்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டுத் தானே அழுத்தினார். ஒரு சதவீதம் என்று வந்தது. வெகுநேரம் கழித்து இரண்டு என்று வந்தது.

கொதிக்கிற பால் பொங்குமா என்று பார்ப்பதுபோல் இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்ப எடுக்க முடியாதல்லவா என்று ஒரு தடவை கேட்டார். முடியாது, இருந்த இடமெல்லாம் பூஜ்யமாகிவிடும் என்று ரிப்பேர்காரரின் பாடத்தை என் பாடம்போல் ஒப்பித்தேன். நாற்பது தாண்டும்போது தானாகவே பேசினார்.

"நல்லபடியா போச்சுன்னா சமாளிச்சிடுவேன். இந்தத் தடவையும் போயிடுச்சுன்னா, அவ குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டுத் தனியா அழுவா. நான் வெளியே ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கணும். அது என்னால முடியுமான்னுதான் தெரியலை அண்ணா."

நான் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். என் கையெல்லாம் மாவானது.

எழுபதாகும்போது அவள் இறங்கி வந்தாள். அந்தப் பெரிய பூப்போட்ட கவுன். அதன் பக்கத் தையலை என் மனைவி நேற்று பிரித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன், எதற்கென்று கேட்டதில்லை. இரண்டு ஆண்கள் ஒரு எண்ணுக்கு எதிரில் கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். பழசையெல்லாம் துடைக்கிறோம் என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். நாலு மணிக் கடைக்கு ரொட்டி அடுக்க வேண்டும் என்று அவள் சுவரோரம் இருந்த பெரிய தட்டைத் தூக்கக் குனிந்தாள். மாஸ்டர் பாதி எழுந்தார். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். தெரியாதவன் எதற்கு ஓடிவந்து தட்டை வாங்க வேண்டும்?

"அதைத் தொடாதே" என்றார். "அடி இன்னும் ஆறலை. கை சுடும். நான் அப்புறம் எடுத்து வைக்கிறேன்."

அந்தத் தட்டு எப்போதோ ஆறிப்போயிருந்தது. அவள் தொட்டுப் பார்த்திருந்தால் கதை கந்தலாகியிருக்கும். நல்லவேளை, தோளைக் குலுக்கிவிட்டுக் கடைப்பக்கம் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, பார்த்தாரா என்பது. பார்க்கவில்லை, ஒயரைக்கூடச் சொருகவில்லை, அங்கேயே உட்கார்ந்து துடைத்துவிட்டு வந்தேன் என்றேன். அவள் கும்பிடாத குறையாகச் சந்தோஷப்பட்டாள். அன்றைக்கு எனக்குப் பிடித்த மாதிரி முட்டையைப் பொரித்துக் கொடுத்தாள். பொய் சொன்னவனுக்கு முட்டை இவ்வளவு ருசிக்கக் கூடாது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தினம் காலையில் ரொட்டி வாங்கப் போவேன். நானும் மாஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம், இரண்டு திருடர்கள் மாதிரி. பேக்கரித் தங்கச்சி என் மனைவியிடம் வந்து புலம்புவாள். அவருக்கு என்னவோ ஆகிவிட்டது அக்கா, மேல் அலமாரியில் இருந்ததையெல்லாம் கீழே இறக்கி வைக்கிறார், கேட்டால் அலமாரி ஆடுகிறது என்கிறார். மாடிப்படியில் ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்கிறார், கேட்டால் தனக்குத்தான் வழுக்குகிறது என்கிறார். கல்லாவுக்குப் பின்னால் மெத்தை வைத்த நாற்காலி, கேட்டால் பழையதை யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்கிறார். என் மனைவி ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, ஆம்பளைங்களுக்கு அப்பப்ப இப்படி ஏதாவது பிடிக்கும் என்று சமாதானம் சொல்வாள். நான் உள்ளறையில் பேப்பருக்குப் பின்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த மனிதர் கண்ணுக்குக் கீழே நாளுக்கு நாள் கருத்துக்கொண்டே வந்தது. எட்டு மணிக்குத் தூங்குகிறவர் தூங்கவில்லை என்பது கண் சம்பந்தப்பட்ட தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாதா?

ஆறாவது வாரம் ஒரு காலையில் மாஸ்டர் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. என் பட்டறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் கையில் இருந்த லென்ஸைக் கீழே வைத்தேன். முகத்தைப் பார்த்து நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்ல முடியவில்லை.

"நேத்து சொல்லிட்டா" என்றார். "நல்லா இருக்காம். டாக்டர் எல்லாம் பார்த்துட்டாராம். உதைக்குதாம்."

நான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஐந்து வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறார், எப்படி வாயைப் பிளக்க வேண்டும், எப்படி அப்படியா என்று கேட்க வேண்டும் என்று. அவள் அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்ததும் ஒத்திகை எல்லாம் போய், அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவர் மாதிரி தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். நடிக்க வேண்டியே வரவில்லை அண்ணா என்றார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அப்புறம் அவர் தலையைத் தடவிக்கொண்டே ஒன்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்ல வரும்போது மாஸ்டர் நிறுத்திவிட்டு, என் மேஜையில் கிடந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அஞ்சு மாசமும் ஒரு ராத்திரிகூட நான் பயமில்லாம தூங்கலைன்னா. ஆனா பக்கத்துல நீங்க ஒண்ணும் தெரியாம தூங்கிகிட்டு இருந்தீங்க, அதைப் பார்த்துப் பார்த்துதான் நான் தைரியமா இருந்தேன், உங்களையாவது இந்தப் பயத்துல இருந்து காப்பாத்தினேனேன்னு சொன்னா."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நல்லா தூங்கினேன்னு சொன்னேன்" என்றார்.